செயின்ட் கில்டா: தொலைவும் தனிமையும் – ஸ்காட்லாந்துத் தீவொன்றின் நிலம், உயிர்கள், வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

ஸ்காட்லாந்தின் மேற்கே, அட்லாண்டிக் கடலில் உள்ள செயின்ட் கில்டா தீவுக்கூட்டத்தில் எஞ்சியிருந்த 36 பேரும் 1930ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் நாள் தம் சொந்த வேண்டுகோளின்படி அங்கிருந்து வெளியேற்றப்பட்டனர். இத்தீவைப் பற்றிய எழுத்துகள் பலவும் இம்முடிவுக்குத் தீவின் இயற்கையான தனிமையையே காரணமாகக் காட்டிவந்துள்ளன. நிலஅமைப்பு, உயிரினங்கள், இடப்பெயர்கள், வரலாற்றுப் பதிவுகள் ஆகியவற்றை ஒருசேர நோக்கும்போது இக்கூற்று நிலைபெறவில்லை. தீவினர் உணர்ந்த தனிமை 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதிக்குப் பின் படிப்படியாக உருவானது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

குறிச்சொற்கள்: செயின்ட் கில்டா, ஹிர்ட்டா, தீவியல், இடப்பெயராய்வு, கடற்பறவைகள், புலப்பெயர்வு

முன்னுரை

நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்து உயிர்களும் தொழிலும் உணவும் கருப்பொருள். ஒரு வாழ்விடத்தை இவ்வரிசையில் நோக்குவது தமிழ் ஆய்வாளர்க்குப் பழகிய நெறி. ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. நெய்தலுக்கு இரங்கல் உரியது எனக் கற்றுவந்த நமக்கு, கடல் நடுவில் கைவிடப்பட்ட ஒரு தீவைப் பற்றிப் படித்த அளவிலேயே இரக்கம் எனும் உரிப்பொருள் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். செயின்ட் கில்டாவைப் பற்றி எழுதிய ஐரோப்பியர்க்கும் நேர்ந்தது இதுவே. அவர்கள் நிலத்தின்மேல் தனிமையை முதலில் ஏற்றிவிட்டுப் பின்னர் மக்களைப் பார்த்தனர். எனவே, நிலத்தையும் உயிர்களையும் மக்களின் வாழ்முறையையும் கண்டபின் உணர்வுக்கு வருவதே இக்கட்டுரை கொள்ளும் முறை.

தொல்லியலாளர் ஆண்ட்ரூ பிளெமிங் 2005இல் வெளியிட்ட நூலில், இத்தீவு வெளியுலகோடு இடையறாத தொடர்பு கொண்டிருந்தது என வலியுறுத்தினார். அக்கருத்தை ஏற்று, இடப்பெயர், நோய் ஆகிய இரு சான்றுகளுக்கு இக்கட்டுரை கூடுதல் இடம் தருகிறது.

நிலம்

ஸ்காட்லாந்துப் பெருநிலத்துக்கு மேற்கே வெளி ஹெப்ரிடீஸ் எனும் தீவு வரிசை உள்ளது. தென்னிந்தியச் சுவடிகளைத் தொகுத்த காலின் மெக்கன்சி பிறந்த ஸ்டோர்னவே ஊர் இவ்வரிசையின் வடகோடியிலுள்ள லூயிஸ் தீவில் இருக்கிறது. இவ்வரிசையைச் சேர்ந்த வட யூயிஸ்ட் தீவிலிருந்து மேற்கு வடமேற்காக மேலும் 64 கிலோமீட்டர் சென்றால் செயின்ட் கில்டாவை அடையலாம்.

ஹிர்ட்டா, சோயே, போரரே, டூன் ஆகிய நான்கு தீவுகளும் ஸ்டாக் எனப்படும் செங்குத்துப் பாறைகள் சிலவும் சேர்ந்ததே இக்கூட்டம். நிலப்பரப்பு முழுவதையும் கூட்டினாலும் ஏறத்தாழ எட்டரைச் சதுர கிலோமீட்டரே தேறும். சற்றேறக்குறைய 6 கோடி ஆண்டுகளுக்கு முன் இயங்கிய எரிமலையொன்றின் சிதைந்த எச்சம் இது. ஹிர்ட்டாவின் கொனஹர் குன்று 430 மீட்டர் உயரமுடையது. அதன் ஒரு பக்கம் ஊரை நோக்கிச் சரிவாக இறங்க, வடபக்கமோ அறுத்து எடுத்தாற்போலக் கடலில் வீழ்கிறது. போரரேயின் அருகில் ஸ்டாக் அன் ஆர்மின் 196 மீட்டரும், ஸ்டாக் லீ 172 மீட்டரும் நீரிலிருந்து நிமிர்ந்து நிற்கின்றன. மக்கள் ஊரமைத்து வாழ்ந்தது ஹிர்ட்டாவின் தென்கிழக்கு விரிகுடா ஒன்றில்தான். படகு ஒதுங்கத்தக்க இடமும் அதுவே. தென்கிழக்குக் காற்று வீசினால் அதுவும் பயன்படாது.

உப்புக்காற்றும் ஆட்டு மேய்ச்சலும் காரணமாக அங்கு மரமே இல்லை. பறவைக் கழிவையும் கரிநிலக்கட்டி எரித்த சாம்பலையும் எருவாக இட்டு வாற்கோதுமை, காடைக்கண்ணி, உருளைக்கிழங்கு ஆகியவற்றைப் பயிரிட்டனர். அந்த எருவே நாளடைவில் மண்ணில் ஈயம், துத்தநாகம் முதலியவற்றைச் சேர்த்துவிட்டதை அண்மைக்கால மண்ணாய்வு காட்டுகிறது.

நிலத்துக்கேற்ற கட்டடக்கலைக்குக் 'கிளெட்' ஒரு சான்று. சாந்தின்றி அடுக்கிய கற்சுவரும், பலகைக்கல்லின்மேல் புல்மண் மூடிய கூரையும் கொண்ட சிறு களஞ்சியம் அது. கூரை மழையைத் தடுக்கும். சுவரின் இடுக்குகள் காற்றை உள்ளே விடும். உப்பு அரிதாயிருந்த இடத்தில் பறவை இறைச்சி, முட்டை, இறகு, கயிறு, வைக்கோல் ஆகியவை அக்காற்றினாலேயே உலர்ந்து கெடாமல் இருந்தன. ஹிர்ட்டாவில் மட்டும் 1,200க்கு மேற்பட்ட கிளெட்டுகள் உள்ளன. இருநூறு பேரைத் தாண்டாத ஓர் ஊருக்கு இத்தனை களஞ்சியங்கள் இருந்தன என்பது அவர்களின் உழைப்பையும் முன்னெண்ணத்தையும் ஒருங்கே காட்டுவது.

பெயர்கள் கூறும் வரலாறு

செயின்ட் என்றால் புனிதர். ஆனால் கில்டா என்ற பெயரில் புனிதர் எவரும் இருந்ததில்லை. இப்பெயர் தோன்றியது குறித்துப் பல கருத்துகள் உள. நார்ஸ் மொழியில் கேடயங்களைக் குறிக்கும் 'ஸ்கில்டிர்' எனும் சொல்லே கடல்வரைபடங்களில் பிழைபட எழுதப்பட்டது என்பது ஒன்று. ஊரருகே உள்ள 'தோபர் சில்டா' எனும் ஊற்றின் பெயரிலிருந்து வந்தது என்பது மற்றொன்று. இவ்வூற்றின் பெயரில் ஒரு சுவையான செய்தி உண்டு. 'தோபர்' என்பது கேலிக் மொழியில் கிணறு. 'கெல்டா' என்பது நார்ஸ் மொழியில் கிணறு. முன்னவர் இட்ட பெயரின் பொருள் மறந்துபோக, பின்வந்தவர் அதனோடு தம் சொல்லைச் சேர்த்துக்கொண்டனர் எனக் கொண்டால், இரு மொழியினர் அடுத்தடுத்து ஒரே நீரைக் குடித்ததற்கு இந்த ஒருபொருட் பன்மொழி சான்றாகிறது.

மூன்றாவது கருத்து ஒலியியல் சார்ந்தது. தீவினர் தம் கேலிக் பேச்சில் ரகரத்தை லகரமாக ஒலித்தனர். ஆகவே அவர்கள் வாயில் 'ஹிர்ட்டா' என்பது 'ஹில்ட்டா' என்பதுபோல் ஒலித்திருக்கும். அதனைக் கேட்ட அயலார் கில்டா என எழுதினர் என்பர். ரகர லகர மாற்றத்தை நன்கறிந்த தமிழ் ஆய்வாளர்க்கு இது வியப்பளிக்காது. இம்மூன்றில் ஒலியியல் விளக்கமே பொருத்தமானது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. ஏனெனில் அது ஒன்றே தீவினரின் வாய்மொழியைச் சான்றாகக் கொள்கிறது.

ஹிர்ட்டா எனும் பெயரோ பழமையானது. 1202ஆம் ஆண்டுக் கடற்பயணம் ஒன்றைக் கூறும் ஐஸ்லாந்து உரைநடைக்கதையில் 'ஹிர்டிர்' எனும் தீவுகள் சுட்டப்படுகின்றன. இதற்கு நார்ஸ் மொழியில் ஆண்மான்கள் எனப் பொருள் கொண்டு, முகடுகளின் கூர்வடிவைச் சுட்டியது என்பாரும், மேற்றிசை நிலம் எனக் கேலிக் வழிப் பொருள் கொள்வாரும் உளர். பிற பெயர்களில் ஐயம் குறைவு. சோயே என்பது நார்ஸ் மொழியில் ஆட்டுத்தீவு, போரரே கோட்டைத்தீவு, ஓய்சவல் கீழைக்குன்று, டூன் என்பது கேலிக் மொழியில் கோட்டை. நார்ஸ் மக்கள் அணிந்த நீள்வட்ட உடையூசிகள் இரண்டு ஹிர்ட்டாவில் கிடைத்து, பின்னர்த் தொலைந்தன. அவர்களுக்கு முன்பும் இரும்புக்காலத்து நிலவறையும் அதனினும் பழைய கல்கருவிகளும் குடியிருப்பைக் காட்டுகின்றன. கடல் இத்தீவைப் பிரித்து வைத்தது என்பதைவிட, வடகடலின் வழித்தடத்தில் ஒரு தங்கிடமாக வைத்தது என்பதே இச்சான்றுகளுக்குப் பொருந்தும்.

பறவையும் குடியும்

தீவினரின் உணவும் வாரமும் பறவைகளே. கானெட், ஃபுல்மர், பஃபின் ஆகிய மூவகைக் கடற்பறவைகளும் பருவத்துக்கு ஒன்றாக வேட்டையாடப்பட்டன. குதிரைமயிராலும் தோலாலும் திரித்த கயிற்றில் பாறைமுகத்தில் இறங்குவர். நல்ல கயிறு மரபுச்சொத்தாகத் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தது. ஃபுல்மரின் இரைப்பை எண்ணெய் விளக்குக்கும் மருந்துக்கும் ஆயிற்று. இறகும் எண்ணெயும் நிலவுடைமையாளரான டன்வேகன் மெக்லியோடு குடும்பத்துக்கு வாரமாகச் சென்றன. பணம் புழங்காத ஊர் என வியந்து எழுதியோர், ஆண்டுதோறும் வந்த அந்த வாரப்படகு ஒரு வணிகத்தொடர்பு என்பதைக் கவனிக்கவில்லை. காலைதோறும் ஆடவர் தெருவில் கூடி அன்றைய வேலையை முடிவுசெய்த வழக்கத்தை அயலார் 'பாராளுமன்றம்' எனப் பெயரிட்டு நிழற்படம் எடுத்து விற்றனர்.

1878இல் ஷெட்லாந்தின் ஃபூலா தீவில் கூடமைக்கும் வரை, பிரித்தானியாவில் ஃபுல்மர் இனம்பெருக்கிய ஒரே இடம் செயின்ட் கில்டாவே. இன்று அப்பறவை பிரித்தானியக் கடற்கரை எங்கும் காணப்படுகிறது. கானெட்டோ ஏறத்தாழ 60,000 இணைகளாகப் போரரேயிலும் அதன் பாறைகளிலும் அடர்ந்து வாழ்கிறது. பெரிய ஆக் எனும் பறக்கவியலாப் பறவையின் கதை வேறு. 1840ஆம் ஆண்டையொட்டி ஸ்டாக் அன் ஆர்மின் பாறையில் ஒன்றைப் பிடித்த தீவினர், மூன்று நாள் கட்டிவைத்து, புயல் எழுந்ததும் அதனைச் சூனியக்காரி எனக் கருதிக் கொன்றனர். பிரித்தானியாவில் அப்பறவை கடைசியாகக் காணப்பட்டது அப்போதே. இச்செய்தியைத் தீவினரின் அறியாமைக்குச் சான்றாக எடுத்துக்காட்டுவது வழக்கம். அவ்வினத்தை அட்லாண்டிக் முழுவதும் கூட்டங்கூட்டமாகக் கொன்று முடித்தவர்கள் இறகு வணிகரும் மாலுமிகளும் அரும்பொருள் சேர்ப்பவரும் என்பதை உடன்வைத்துப் பார்த்தால் அந்த எடுத்துக்காட்டின் ஓரவஞ்சனை விளங்கும். ரென் எனும் சிறு குருவியின் உள்ளூர்வகை 1884இல் தனியினமாக விவரிக்கப்பட்டதும் சேகரிப்போரின் வேட்கை அதன்மேல் திரும்பியது. 1904இல் அதனைக் காக்கப் பாராளுமன்றம் சட்டமியற்ற நேர்ந்தது.

அயலார் கண்

1697இல் மார்ட்டின் மார்ட்டின் இத்தீவுக்குத் திறந்த படகில் வந்தார். மறு ஆண்டே அவர் நூல் வெளிவந்தது. ஸ்கை தீவில் பிறந்து கேலிக் மொழி பேசிய அவரே மக்களோடு அவர்தம் மொழியில் உரையாடி எழுதியவர். தீவில் அன்று ஏறத்தாழ 180 பேர் வாழ்ந்தனர். 1764இல் வெளிவந்த வரலாற்று நூலை எழுதிய கென்னத் மெக்காலே, 1835ஆம் ஆண்டின் கல்விக் குறிப்பால் நாம் அறிந்த மெக்காலேயின் பாட்டனாருடைய உடன்பிறந்தவர். நாகரிகம் தீண்டாத நன்மக்கள் எனப் புகழ்வதும், திருத்தப்படவேண்டிய பின்தங்கியோர் என இகழ்வதும் பின்வந்த எழுத்துகளில் மாறிமாறி வந்தன.

மார்ட்டின் பதிந்த ஒரு செய்தி முதன்மையானது. வெளியார் படகு வந்தால் ஊர்முழுதும் சளியும் இருமலும் பிடித்தது. சாமுவேல் ஜான்சன் இதனை நம்ப மறுத்தார். தொற்றைப் பற்றிய இன்றைய அறிவோடு நோக்கும்போது தீவினர் கண்டறிந்தது உண்மையெனத் தெரிகிறது. அவர்களுக்குத் தீங்கானது தொடர்பின்மை அன்று. நோயெதிர்ப்பு ஆற்றல் வளர முடியாத அளவுக்கு இடைவெளிவிட்டு வந்த தொடர்பே.

இதன் கொடிய வடிவம் 1727இல் வந்தது. ஹாரிஸ் தீவில் பெரியம்மையால் இறந்த தீவினர் ஒருவரின் உடைகள் ஹிர்ட்டாவுக்குக் கொண்டுவரப்பட்டன. அவ்வேளையில் மூன்று ஆடவரும் எட்டுச் சிறுவரும் கானெட் வேட்டைக்காக ஸ்டாக் அன் ஆர்மினில் இறக்கிவிடப்பட்டிருந்தனர். அவர்களை அழைத்துவரப் படகு செலுத்த ஊரில் ஆளில்லாமற் போயிற்று. பறவையும் மீனும் உண்டு ஒன்பது மாதம் அப்பாறையிலேயே கழித்து, 1728 மே மாதம் மீட்கப்பட்டபோது ஊரில் பெரும்பாலோர் மறைந்திருந்தனர். வெறுமையான வீடுகளில் ஸ்கையிலிருந்தும் ஹாரிஸிலிருந்தும் புதுக்குடிகள் அமர்த்தப்பட்டன. ஆகவே பின்வந்தோர் தொன்மை மாறாத ஒரே குடி என வியந்து வருணித்த மக்கள், பெரும்பகுதி 18ஆம் நூற்றாண்டில் குடியேறியோரின் வழியினரே. 1764ஆம் ஆண்டுக் கணக்கில் 90 பேர் காணப்படுகின்றனர்.

இதே காலத்தில் எடின்பரோ நீதிபதி லார்ட் கிரேஞ்சு, தம் அரசியல் இரகசியம் அறிந்த மனைவி ரேச்சல் சீஸ்லியைக் கடத்தி 1734 முதல் 1740 வரை ஹிர்ட்டாவில் சிறைவைத்தார். தொலைவை நம்பிச் செய்த ஏற்பாடு அது. ஆயினும் அவர் எழுதிய கடிதம் 1740ஆம் ஆண்டளவில் எடின்பரோவை அடைந்துவிட்டது.

தனிமை உருவான முறை

1851இல் தீவில் 110 பேர் இருந்தனர். 1843இன் திருச்சபைப் பிளவில் தீவினர் சுதந்திரத் திருச்சபையின் பக்கம் நின்றதால் நிலவுடைமையாளரோடு எழுந்த பூசலும் பொருளியல் நெருக்கடியும் சேர்ந்து, 1852இல் 36 பேர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் நோயால் மாண்டனர். ஊரில் மூன்றிலொரு பங்கினர் ஒரே ஆண்டில் நீங்கியபின் படகு வலிக்கவும் பாறையிறங்கவும் வேண்டிய கைகள் குறைந்தன. இந்த இழப்பிலிருந்து தீவு மீளவேயில்லை. மெல்போர்ன் நகரின் செயின்ட் கில்டா பகுதிக்கு இவர்களால் பெயர் வந்தது என எண்ணுவது பிழை. அதற்கும் முன்பே அங்கு நங்கூரமிட்டிருந்த ஒரு கப்பலின் பெயர் அது.

குழந்தைகளின் சாவு அடுத்த இழப்பு. டெட்டனஸ் எனும் இரணஜன்னியால் பிறந்த குழந்தைகள் எட்டு நாளளவில் இறந்தன. சில காலங்களில் மூன்றில் இரண்டு பங்கு குழந்தைகள் தப்பவில்லை. கடவுளின் சித்தம் என இதனை ஏற்றிருந்த ஊரில், 1889இல் வந்த போதகர் ஆங்கஸ் ஃபிட்ஸ் கிளாஸ்கோவில் மகப்பேற்றுப் பயிற்சி பெற்றுத் திரும்பி, தொப்புள்கொடியைத் தூய்மையாகப் பேணும் முறையைப் புகுத்தியபின் அச்சாவுகள் நின்றன. அதற்கு முன்னிருந்த போதகர் ஜான் மெக்கே ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஓய்வுநாள் ஒழுங்கை மிகக் கடுமையாக நடத்தியவர். பாடலும் கதையும் அருகியதற்கு அவ்வொழுங்கை மட்டும் காரணமாக்குவது நூலாசிரியர்களின் வழக்கம். ஆயின் மக்கள்தொகை குன்றினால் பாடுவோரும் கேட்போரும் குறைவர் என்பதையும் கருதவேண்டும்.

1877 முதல் கோடைதோறும் டுனாரா காசில் எனும் நீராவிக்கப்பல் சுற்றுலாப்பயணிகளைக் கொணர்ந்தது. துணியும் முட்டையும் காசுக்கு விற்கப்பட்டன. மாவும் தேயிலையும் காசுக்கு வாங்கப்பட்டன. குளிர்காலத்தில் கப்பல் இல்லை. அதே ஆண்டில் அங்குச் சிக்கிக்கொண்ட ஜான் சாண்ட்ஸ் என்பவர், உடைந்த கப்பலின் மிதவையில் கடிதம் கட்டி அலையில் விட்டார்; அது ஒன்பது நாளில் ஆர்க்னியை அடைந்தது. இதிலிருந்து வளர்ந்ததே செயின்ட் கில்டா அஞ்சற்படகு எனப்படும் வேடிக்கைப்பொருள். பயணிகள் அதைக் கண்டு மகிழ்ந்தனர். நோயுற்றவர்க்கு மருத்துவரை அழைக்க வேறு வழியில்லாத ஊரில் அது வேடிக்கை அன்று.

முதல் உலகப்போர் இந்நிலையைத் தலைகீழாக்கியது. கடற்படையினர் ஹிர்ட்டாவில் நிலையம் அமைத்தனர். முறையான அஞ்சலும் உணவுப்பொருளும் கூலியும் வந்தன. 1918 மே 15ஆம் நாள் ஜெர்மானிய நீர்மூழ்கி ஒன்று கரையைச் சுட்டுக் கம்பியில்லாத் தந்தி நிலையத்தை அழித்தது. மனித உயிரிழப்பு இல்லை. போர் முடிந்ததும் கடற்படை விலகியது. அஞ்சலும் கூலியும் உடன் போயின. இளையோர் ஒவ்வொருவராகப் பெருநிலத்துக்குச் சென்றனர். 1920இல் 73ஆக இருந்த தொகை 1928இல் 37ஆகக் குறைந்தது. முன்னைத் தலைமுறை அறிந்திராத ஒன்றை இவர்கள் அறிந்துவிட்டனர்; அது பின் பறிக்கப்பட்டது. 64 கிலோமீட்டர் கடல் அப்போதுதான் தாங்கவியலாத் தொலைவாயிற்று.

1926இல் நான்கு ஆடவர் காய்ச்சலால் இறந்தனர். 1930 சனவரியில் நோயுற்ற ஓர் இளம்பெண் பின்னர் இறந்தாள். செவிலியர் வில்லியமினா பார்க்ளே மக்களோடு கலந்து பேசினார். மே 10ஆம் நாளிட்ட விண்ணப்பம் ஸ்காட்லாந்துக்கான அமைச்சருக்குச் சென்றது. செயின்ட் கில்டா மக்கள் தாமே தம்மைப் பற்றிக் கூட்டாகக் கூறிய எழுத்துகள் மிக அரியன; அவற்றுள் இவ்விண்ணப்பம் தலையாயது. அதில் தொல்குடியின் புலம்பல் இல்லை. ஆட்கள் குறைந்துவிட்டனர், இன்னொரு குளிர்காலத்தைக் கடக்க இயலாது, வேறிடத்தில் வாழ உதவுக என்னும் கணக்கறிந்த முடிவே உள்ளது.

ஆகஸ்ட் 29ஆம் நாள் ஹேர்பெல் எனும் கடற்படைக் கப்பல் 36 பேரையும் ஏற்றிச்சென்றது. நாய்கள் கடலில் மூழ்கடிக்கப்பட்டன. வீடுதோறும் திறந்த விவிலியமும் ஒரு சிறு குவியல் தானியமும் வைத்துச் சென்றனர் என்பது எல்லா நூல்களிலும் இடம்பெறும் காட்சி. அக்காட்சியில் நிற்கும் நூல்கள், மோர்வெர்ன் பகுதியில் குடியமர்த்தப்பட்ட ஆடவருக்கு வனத்துறையில் வேலை தரப்பட்டது என்பதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. மரமே இல்லாத தீவில் வளர்ந்தவர்கள் அவர்கள்.

எஞ்சியவை

மக்கள் நீங்கியபின் உயிரினங்களுக்கு நேர்ந்தவை கருதத்தக்கவை. ஹிர்ட்டாவுக்கே உரிய வீட்டெலி வகை, அடுப்பும் தானியமும் இல்லாத வீடுகளில் ஏறத்தாழ ஈராண்டுகளில் அற்றுப்போயிற்று. வயலெலி வகையோ இன்றும் வாழ்கிறது. பெருநிலத்து வயலெலியைப்போல் ஏறத்தாழ இருமடங்கு எடையுடையது. 1932இல் சோயேயிலிருந்து 107 ஆடுகள் ஹிர்ட்டாவுக்கு மாற்றப்பட்டன. எவரும் மேய்க்காத அவ்வாடுகள் பெருகுவதும் கடுங்குளிரில் பெருந்தொகையாக மடிவதும் 1985 முதல் ஆண்டுதோறும் நுணுக்கமாக ஆராயப்படுகின்றன. குளிர்காலம் மென்மையாகிவருவதோடு ஆடுகளின் உடலளவும் குறைந்துவருவது அவ்வாய்வில் வெளிப்பட்டது.

1931இல் தீவை வாங்கிய டம்ஃப்ரீஸ் பிரபு, அதனை ஸ்காட்லாந்துத் தேசிய அறக்கட்டளைக்கு விட்டுச்சென்றார். 1957இல் ஏவுகணைகளின் போக்கைக் கண்காணிக்கும் இராணுவ நிலையம் அங்கு எழுந்தது. 1986இல் இயற்கைக்காகவும், 2005இல் பண்பாட்டுக்காகவும் உலகப் பாரம்பரியத் தகுதி வழங்கப்பட்டது. முதல் தகுதிக்கும் இரண்டாவதற்கும் இடையே கழிந்த 19 ஆண்டுகள், மக்களைவிடப் பறவைகளையே உலகம் முதலில் கண்டது என்பதைக் காட்டுகின்றன.

1927இல் ஜான் மேத்தீசன் எனும் நிலஅளவையாளர் ஹிர்ட்டாவுக்கு வந்து முழுமையான வரைபடம் ஒன்றை ஆக்கினார். பாறை, ஊற்று, பிளவு, மேய்ச்சல்வெளி ஆகியவற்றின் பெயர்களை ஊராரிடமே கேட்டு அதில் குறித்தார். மூன்று ஆண்டு தாழ்ந்திருந்தால் கேட்க அங்கு எவரும் இருந்திரார். இன்று தீவில் பருவந்தோறும் தங்கும் ஆய்வாளரும் காவலரும் தம் ஆங்கிலக் குறிப்பேடுகளில் ஆடு கிடக்கும் இடத்தையும் குருவி கூடமைத்த சுவரையும் அந்தக் கேலிக், நார்ஸ் பெயர்களாலேயே குறிக்கின்றனர்.